கணக்கெடுக்கும் மீட்டர்: கணக்கு யாருக்குச் சொந்தம்?

ஹெப்பாள் என்று சொன்னால் கர்நாடகத் தமிழர்களில் பலருக்கும் பெங்களூர் ஹெப்பாளும் அதன் மேம்பாலமும்தான் நினைவுக்கு வரும். மைசூரிலும் ஒரு ஹெப்பாள் உண்டு. நகரின் வடமேற்கே தொழிற்பேட்டையும் குடியிருப்பும் கலந்து நிற்கும் பகுதி அது. இன்போசிஸ் நிறுவனத்தின் பெரிய பயிற்சி வளாகம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்து வேலைக்குத் தேர்வான இளைஞர்கள் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கும் இடம். அதே வட்டாரத்தில், ஹெப்பாள்-ஹூட்டகள்ளி தொழிற்பேட்டையில், எல் அண்டு டி நிறுவனம் மின்சார மீட்டர்களைத் தயாரித்து வந்தது. அந்நிறுவனத்தின் மின்சாதனப் பிரிவு 2020-ம் ஆண்டில் பிரெஞ்சு நிறுவனமான ஷ்னைடரின் கைக்கு மாறியது.

கம்ப்யூட்டர் படிப்பவர்களும் மீட்டர் செய்பவர்களும் ஒரே வட்டாரத்தில் குடியிருக்கும் ஊர் என்று இதைச் சொல்லலாம். இப்போது கம்ப்யூட்டரும் மீட்டருமே ஒன்றாகி வீட்டு வாசலில் வந்து உட்காரத் தொடங்கிவிட்டன. இதற்கு ஸ்மார்ட் மீட்டர் என்று பெயர். ஆள் வந்து பார்க்காமலே, எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதைத் தானாகவே மின்சார அலுவலகத்துக்குச் சொல்லும் மீட்டர் இது. பார்வைக்குப் பழைய பெட்டிதான். ஆனால் உள்ளே ஒரு சிறு டெலிபோன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2025 பிப்ரவரியில் பெங்களூர் மின் வழங்கல் நிறுவனமான பெஸ்காம், புதிய இணைப்புகளுக்கு இந்த மீட்டர் கட்டாயம் என்று ஆக்கியது. ஒற்றை ஃபேஸ் மீட்டருக்கே சுமார் 5,000 ரூபாய் என்றதும் பெரும் சர்ச்சை கிளம்பியது. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் விவகாரம் பேசப்பட்டது. தமிழ்நாட்டிலும் இந்த மீட்டருக்கான டெண்டர், விலை அதிகம் என்ற காரணத்தால் ரத்தாயிற்று. பத்திரிகைகளில் வந்தவையெல்லாம் பெரும்பாலும் விலையைப் பற்றியே வந்தன.

விலை முக்கியமான விஷயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் விலையை ஒரு தடவை கொடுத்தால் தீர்ந்தது. அந்த மீட்டர் இரவும் பகலும் சேர்த்து வைக்கும் விவரம் தீராதது. அந்த விவரம் யாருக்குச் சொந்தம்? மின்சாரக் கம்பெனிக்கா, வீட்டுக்காரருக்கா, அந்த வீட்டில் வாழும் குடும்பத்துக்கா? பிழைப்பு தேடி வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட அதிகமாகவே பொருந்தும்.

மைசூருக்குப் புதிதல்ல

மின்சார விஷயத்தில் மைசூர் ராஜ்யம் எப்போதும் முன்னோடி. சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் 1902-ம் ஆண்டில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 90 மைல் தூரம் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. சுரங்கத்தில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். மைசூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1908-ம் ஆண்டில்.

அந்த முன்னோடி வரிசையில்தான் இதுவும் வருகிறது. மத்திய மின்சார அமைச்சகம் நாடெங்கும் தேர்ந்தெடுத்த 14 சோதனைத் திட்டங்களில் ஒன்று மைசூருக்குக் கிடைத்தது. மைசூர், மாண்டியா, சாமராஜநகர், ஹாசன், குடகு ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் மின்சாரம் வழங்கும் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் நிறுவனம் அதை மேற்கொண்டது. மைசூர் நகரின் ஒரு பகுதியில் 21,824 இணைப்புகளை இதற்காக எடுத்துக்கொண்டார்கள். வீடு, கடை, தொழிற்சாலை மட்டுமின்றி 512 பாசன பம்பு செட்டுகளும் அதில் அடக்கம். சுமார் 32 கோடி ரூபாய் திட்டம். ஆகவே, "இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கிற விஷயம், நமக்கென்ன?" என்று மைசூர்வாசிகள் சொல்வதற்கில்லை. மத்திய அரசு 2021-ம் ஆண்டில் ஒப்புதல் தந்த பெரிய மின் விநியோகத் திட்டத்தின் நோக்கம், நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது. இன்று உங்கள் வாசலில் பழைய மீட்டரே இருக்கலாம். நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது.

நன்மைகள் என்ன?

நன்மைகளை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். பழைய முறையில் ஒரு தெரு இருண்டால், யாராவது போன் செய்து சொன்னால்தான் அலுவலகத்துக்குத் தெரியும். போனை எடுக்க ஆள் இருக்க வேண்டும். லைன்மேன் வந்து ஒவ்வொரு கம்பமாகப் பார்க்க வேண்டும். புதிய முறையில், எந்த டிரான்ஸ்பார்மரின் கீழ் எத்தனை வீடு இருண்டது என்பது அலுவலகத்தில் இருந்தபடியே தெரியும். பழுது எங்கே என்று தேடும் நேரம் மிச்சமாகிறது.

இரண்டாவது, திருட்டும் கசிவும் வெளிப்படுகின்றன. ஒரு டிரான்ஸ்பார்மருக்குள் போன யூனிட் எவ்வளவு, அதன் கீழுள்ள மீட்டர்கள் காட்டும் யூனிட் எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் மீதி எங்கே போயிற்று என்று கேட்கலாம். கொக்கி போட்டுத் திருடுகிறவனின் கணக்கு, ஒழுங்காகப் பணம் கட்டுகிறவன் தலையில்தான் கடைசியில் விழுகிறது. அதைத் தடுப்பது நல்ல காரியம்.

மூன்றாவது, பூட்டிய வீட்டுக்கு உத்தேசமாக பில் போடுவதும், ரீடிங் எடுக்க வந்தவர் தப்பாகக் குறித்துக்கொண்டு போவதும் ஒழியும். நான்காவது, மாதக் கடைசி வரை காத்திராமல், இதுவரை எத்தனை யூனிட் ஆயிற்று என்பதை நாமே பார்த்துக் கையை இறுக்கிக்கொள்ளலாம். கர்நாடக அரசின் கிருஹ ஜோதித் திட்டத்தில் 200 யூனிட் என்ற எல்லையைத் தாண்டினால் சலுகை போய் முழு பில்லும் கட்ட வேண்டும். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்தும் தாய்மார்களுக்கு அந்த எல்லை நெருங்குவது முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு உதவி!

எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைப்பதால் வரும் பாதுகாப்புக்கு ஹெப்பாளிலேயே உதாரணம் உண்டு. 2024-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி அதிகாலையில் இன்போசிஸ் வளாகத்துக்குள் சிறுத்தை ஒன்று நடமாடியதைக் கண்காணிப்புக் காமிரா காட்டிக் கொடுத்தது. வனத்துறையினர் வந்து தேடினார்கள். ஊழியர்கள் அன்று வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி சொல்லப்பட்டது. காமிரா இல்லாதிருந்தால் சிறுத்தை வந்த சேதி, யாராவது எதிரே போய் முட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்திருக்கும்.

மீட்டருக்குத் தெரிவது என்ன?

இனி மறுபக்கத்துக்கு வருவோம். பழைய முறையில் ரீடிங் எடுப்பவர் மாதம் ஒரு முறை வருவார். ஒரே ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையோடு பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஓர் எண்ணை வைத்து நம் குடும்பத்தைப் பற்றி அதிகம் எதுவும் சொல்ல முடியாது.

ஸ்மார்ட் மீட்டருக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2015-ம் ஆண்டில் தனித் தரம் வகுத்திருக்கிறது. இவ்வகை மீட்டர், அரை மணிக்கு ஒரு தடவையோ கால் மணிக்கு ஒரு தடவையோ செலவைப் பதிவு செய்துகொள்ளும். கால் மணிக்கு ஒன்று என்றால் நாளொன்றுக்கு 96 பதிவுகள். 30 நாள் மாதத்துக்கு 2,880. ஓர் எண் இருந்த இடத்தில் 2,880 எண்கள். அளவு கூடியது என்பதோடு விஷயம் முடியவில்லை. விவரத்தின் தன்மையே மாறிவிடுகிறது.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். மனைவி, பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகள். காலை 5 மணிக்கு கீசர் போட்டால் மின்செலவு சட்டென்று உயரும். 6 மணிக்கு மிக்ஸி, 7 மணிக்கு இஸ்திரிப் பெட்டி. 9 மணிக்கு மேல் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால், வீட்டில் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். இரவு 2 மணிக்கு விளக்கு எரிந்தால், யாருக்கோ உடம்பு சரியில்லை அல்லது கைக்குழந்தை இருக்கிறது. பொங்கலுக்கு நான்கு நாள் குடும்பத்தோடு சத்தியமங்கலம் வழியாக ஊருக்குப் போனால், அந்த நான்கு நாளும் கணக்கு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். வீடு காலி என்று எழுதி வாசலில் ஒட்டிய மாதிரிதான். அதைப் படிக்கத் தெரிந்தவன் யார் என்பதைப் பொறுத்தே நமக்கு நன்மையும் தீமையும்.

இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆராய்ச்சியாளர், வீட்டுக்குள் நுழையாமலே மின்செலவின் ஏற்ற இறக்கத்தை வைத்து எந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் வழியை 1980-களிலேயே உருவாக்கினார். அதே மனிதர், இந்த வழி ஒற்றுவேலைக்கும் பயன்படக்கூடும் என்று 1989-ம் ஆண்டில் கட்டுரை எழுதி எச்சரித்தார். செய்தவரே எச்சரித்தது கவனிக்கத்தக்கது.

பிற நாடுகள் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்து நாட்டில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதா 2009-ம் ஆண்டில் மேல்சபையில் நின்றுபோனது. குடும்பத்தின் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பில்லை என்பதே முக்கியமான ஆட்சேபணை. பிறகு, விரும்பாதவர் மறுக்கலாம் என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் நேப்பர்வில் என்ற ஊரின் மக்கள் தொடுத்த வழக்கில் 2018-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. அரசு அமைப்பு கால் மணிக்கு ஒரு தடவை மின்செலவு விவரம் சேகரிப்பது, சட்டத்தின் கண்ணில் வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மின் விநியோகத்துக்காகச் செய்வதால் அது நியாயமானதே என்று அனுமதித்த நீதிபதிகள், குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு சேகரித்தால் தங்கள் முடிவு மாறக்கூடும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். விவரம் ஒன்றுதான், எதற்காக என்பதுதான் கேள்வி.

ஃபியூஸ் பிடுங்க ஆள் வேண்டாம்

அந்தரங்கம் மட்டுமல்ல, இன்னோர் அபாயமும் உண்டு. ஸ்மார்ட் மீட்டருக்குள் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சும் இருக்கிறது. முன்பெல்லாம் பணம் கட்டாத வீட்டுக்கு லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். அவரும் மனிதர். வீட்டில் பிரசவித்த பெண் இருக்கிறாள், நாளைக்குக் கட்டிவிடுகிறோம் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். கம்ப்யூட்டரிடம் யார் முறையிடுவது?

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி, கிருஷ்ண ஜெயந்தி அன்று, உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகள் ஒரே சமயத்தில் இருண்டன. பணம் கட்டியவர், கட்டாதவர் என்ற பேதமே இல்லை. தவறான ஒரு கட்டளை போய்விட்டதே காரணம். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது; புதிய மீட்டர் பொருத்தும் வேலையும் நிறுத்தி வைக்கப்பட்டது. தவறுதலாக நடந்ததே இப்படி என்றால், வேண்டுமென்றே ஒருவன் உள்ளே புகுந்தால் என்ன ஆகும்? 2015-ம் ஆண்டு டிசம்பரில் உக்ரைன் நாட்டின் மின் நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த விஷமிகள், கடுங்குளிரில் இரண்டேகால் லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்து மூலம் நோட்டீசு தரவேண்டும் என்கிறது. முன்பணம் தீர்ந்த மறுகணமே தானாக அணையும் மீட்டருக்கும் இந்தப் பாதுகாப்புக்கும் எப்படிப் பொருத்தம்? தினக்கூலிக் குடும்பங்களுக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. ராத்திரி விளக்கு எரியுமா, எரியாதா என்கிற கேள்வி.

கட்டண விஷயமும் இருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில் நேரத்துக்கு ஒரு கட்டணம் வசூலிக்கலாம். வெயில் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைவு. தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் அதிகம். நடுப்பகலில் துணி துவைக்கும் மெஷினை ஓட்ட வசதியுள்ளவர்களுக்கு லாபம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட்டு, காலையிலும் மாலையிலும் மட்டுமே வீட்டில் இருப்பவர்களுக்கு? மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டணம் நிர்ணயிக்கும்போது இவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காமிராவின் கதையும் இதுவே

மீட்டருக்குச் சொன்னது வீட்டிலும் கடையிலும் மாட்டும் காமிராவுக்கும் பொருந்தும். கர்நாடகத்தில் 2017-ம் ஆண்டுச் சட்டப்படி, பலர் கூடும் நிறுவனங்கள் காமிரா வைத்து 30 நாள் படத்தைச் சேமித்து வைக்க வேண்டும். நோக்கம் நல்லதே. ஆனால் படத்தைப் பாதுகாப்பது யார்?

2025-ம் ஆண்டு தொடக்கத்தில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் காமிராப் படங்கள் வெளியே கசிந்து பணத்துக்கு விற்கப்பட்டன. சிகிச்சைக்கு வந்த பெண்களின் மானம் கடைச்சரக்காயிற்று. காமிராவுடன் கம்பெனி கொடுத்த மாமூல் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதே திருடனுக்கு வழி திறந்தது என்று செய்திகள் வந்தன. அதற்கு வெகு முன்பே, 2016-ம் ஆண்டு அக்டோபரில், இப்படிக் கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் பிற கருவிகளையும் பெருந்தொகையாக வசப்படுத்திய ஒரு கும்பல், அமெரிக்காவின் பெரிய இணையத் தளங்களையே பல மணி நேரம் முடக்கியது. பூட்டு வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிட்டால் பூட்டு என்ன செய்யும்?

வேலை இடத்திலும் இதே நிலைதான். இன்போசிஸ் நிறுவனம், வீட்டிலிருந்து வேலை செய்வோரில் நாளொன்றுக்கு 9 மணி 15 நிமிடத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு, உடல்நலத்தைக் கவனியுங்கள் என்று கடிதம் அனுப்புவதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. நல்லெண்ணத்தில் சொன்ன புத்திமதியே. ஆனால் அந்த நல்லெண்ணத்துக்கும் ஒவ்வொருவரின் நேரத்தையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நாளைக்கு வேறொரு நிர்வாகம், குறைவாக உழைத்தவர் யார் என்று அதே கணக்கைக் கேட்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தங்கள் அடையாளத்தை முதலாளியின் ஏட்டில் பதிந்து வைப்பதைப் பற்றித் தொழிலாளிகள் கவலைப்படுவது இன்று தொடங்கியதல்ல. கோலார் தங்கவயலில் கைரேகைப் பதிவு முறையைக் கொண்டு வந்தபோது, 1930-ம் ஆண்டில் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தார்கள். ஏழைத் தமிழ்த் தொழிலாளிகள். படிப்பு அதிகம் கிடையாது. ஆனாலும் தன் விரல் அடையாளம் பிறர் கைக்குப் போனால் தன் பேரம் பேசும் சக்தி குறையும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. இன்று நாம் தினமும் வாசல் கருவியில் விரலை வைத்துவிட்டு உள்ளே போகிறோம். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தரங்கம் இந்தியக் குடிமகனின் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பும் கர்நாடகத்துக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் வந்தது. கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, முதுமையைப் பாராமல் 2012-ம் ஆண்டில் ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். அவ்வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமனதாக அந்த உரிமையை நிலைநாட்டினார்கள். அவர் 2024-ம் ஆண்டில் காலமானார். அவர் பெயர் சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

அதன் தொடர்ச்சியாக 2023-ம் ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அந்தக் கணக்கின்படி 2027 மே மாதத்தில்தான் அவை நடைமுறைக்கு வரும். விவரத்தைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதே சமயம், மானியமும் சேவையும் வழங்குவதற்காக அரசு அமைப்புகளுக்குத் தாராளமான விதிவிலக்குகளும் அதில் இருக்கின்றன. மின் வழங்கல் நிறுவனங்கள் அரசுக்குச் சொந்தமானவை என்பதை மறந்துவிடக் கூடாது.

அச்சட்டத்தில் வெளிமாநிலத் தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. ஒருவரின் சம்மதம் கேட்டுத் தரப்படும் அறிவிப்பை, ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ அவர் கேட்டுப் பெறலாம். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் பலர். எதற்கு என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவதும், செல்போனில் 'சரி' என்று தட்டுவதும் இனி அவசியமில்லை. உரிமையைக் கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

வீட்டுக்காரரா, குடியிருப்பவரா?

எல்லாவற்றையும்விடச் சிக்கலான இடம் இதுதான். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. ஆர்.ஆர். நம்பர் அவருடையது, அலுவலகத்தில் பதிவான டெலிபோன் நம்பரும் பெரும்பாலும் அவருடையதே. வாழ்வதோ வாடகைக்கு வந்த குடும்பம். பழைய மீட்டர் காலத்தில் இதனால் தொல்லையில்லை. வீட்டுக்காரர் பார்த்தாலும் மாதம் ஓர் எண்ணைத்தான் பார்ப்பார். புதிய மீட்டரின் விவரம் செல்போன் செயலி வழியே கணக்குக்கு உரியவருக்கு வந்துசேரும்போது, மேல் மாடியில் இருப்பவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எப்போது வெளியூர் போனார்கள், விருந்தாளி வந்து தங்கினார்களா என்பதெல்லாம் வீட்டுக்காரர் கைக்கு வந்துவிடக்கூடும். நல்ல மனிதராக இருந்தால் கவலையில்லை. எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சட்டம் எழுதுகிறவர்கள் நம்பி இருக்கலாகாது.

சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால், விவரம் யாரைப் பற்றியதோ அவரே அதற்கு உரியவர். அப்படியானால் அது குடியிருப்பவரின் விவரம்தான். மின்சார அலுவலகத்தின் ஏடு வீட்டுக்காரர் பெயரைச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் விழுவது வாடகைக் குடும்பமே.

இதைச் சரி செய்ய முடியாது என்பதில்லை. கர்நாடக அரசே ஓரளவு வழி காட்டியிருக்கிறது. 2023-ம் ஆண்டில் கிருஹ ஜோதி வந்தபோது, வாடகைக்குக் குடியிருப்போரும் தங்கள் ஆதாரை அந்த வீட்டின் மின் கணக்கோடு இணைத்துச் சலுகை பெறலாம் என்றார்கள். வீடு மாறும்போது பழைய இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் வசதியும் 2024-ம் ஆண்டில் தரப்பட்டது. சலுகைக்குக் குடியிருப்பவரை அடையாளம் காண முடிந்த நிர்வாகத்தால், அவர் அந்தரங்கத்தைக் காக்கவும் அவரை அடையாளம் காண முடியாதா?

செய்ய வேண்டியது

கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் மின் வழங்கல் நிறுவனங்களும் சில விஷயங்களை இப்போதே எழுத்தில் தெளிவாக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு தடவையேனும் ரீடிங் எடுத்து அதை நுகர்வோருக்குத் தர வேண்டும் என்பது மத்திய விதி. பில் போட அந்த ஒரு ரீடிங்கே போதும். நேரக் கட்டணம் இருந்தால் அதற்கான சில பிரிவுகளின் கூட்டுத்தொகை போதும். தெருவின் பளுவைக் கணிக்க டிரான்ஸ்பார்மர் கணக்கு போதும். அப்படியிருக்க, ஒவ்வொரு வீட்டின் கால் மணிக் கணக்கும் பெயரோடு எத்தனை காலம் வைக்கப்படும், யார் பார்க்கலாம், போலீசார் கேட்டால் எந்த உத்தரவின் பேரில் தரப்படும் என்பதைச் சொல்ல வேண்டும். கால் மணிக் கணக்கைப் பார்க்கும் உரிமை குடியிருப்பவருக்கே. வீட்டுக்காரருக்கு மாத மொத்தம் போதும் என்று விதி செய்ய வேண்டும். இரவிலும் விடுமுறை நாளிலும் தூரத்திலிருந்து இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

வாசகர்களும் சும்மா இருந்துவிடக் கூடாது. புதிய மீட்டர் பொருத்தினால், அதன் கணக்கில் பதிவான செல்போன் நம்பர் யாருடையது என்று கேளுங்கள். பில் சந்தேகமாக இருந்தால் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். 2024 பிப்ரவரியில் திருத்திய மத்திய விதிப்படி, புகார் கொடுத்த ஐந்து நாட்களுக்குள் சரிபார்ப்பு மீட்டர் ஒன்றைக் கூடவே பொருத்தி மூன்று மாதம் ஒப்பிட வேண்டும். வீடு காலி செய்யும்போது அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதில் காட்டும் அக்கறையை, ஆதார் இணைப்பைத் துண்டிப்பதிலும் காட்டுங்கள். வீட்டில் காமிரா இருந்தால், வாங்கிய அன்றே அதன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்றார்கள் நம் பெரியவர்கள். பக்கத்தில் மனிதன் இருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வாசலில் இருக்கும் பெட்டி கேட்கிறதா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. அதனால்தான் எழுதி வைத்த விதி வேண்டும் என்கிறோம். விஞ்ஞானத்தை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிவசமுத்திரத்து மின்சாரத்தை முதலில் உபயோகித்த உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள், இந்த மீட்டரைக் கண்டு ஓடி ஒளியப் போவதில்லை. தங்கள் வீட்டுக் கணக்கு தங்களுக்கே சொந்தம் என்று மட்டும் கேட்கிறார்கள். லட்சக்கணக்கான வாசல்களில் மீட்டர் ஏறிவிட்ட பிறகு விதி செய்வதைவிட, ஏறும் முன்பே செய்துவிடுவது அரசுக்கும் சுலபம், மக்களுக்கும் நிம்மதி.